விசிலுக்கு ஒரு முழுக்கு

ஜெபம் தொடங்கி எல்லாரும் கண்ணை மூடியதும் அவர் தலைகளை எண்ண ஆரம்பிக்கிறார். ஆள்காட்டி விரலை மடியில் வைத்தபடியே, யாருக்கும் தெரியாமல், வரிசை வரிசையாக நகர்த்துகிறார். முன்வரிசையில் பாஸ்டரின் குடும்பம், அடுத்து கீபோர்டு வாசிப்பவர், அப்புறம் ஜெபிக்கிற சாக்கில் தூங்கிவிட்டவர்கள். கடைசி வரிசைவரை வந்து கணக்குச் சரியாக இருந்தால் ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். கண்ணைத் திறந்து வைத்திருக்கும் இன்னொரு ஆள் நான் என்பதால்தான் எனக்கு இது தெரியும். என் மனைவி அந்தச் சபையின் விசுவாசி. நான் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வெயிலில் நிற்கச் சோம்பல்பட்டுப் பின்வரிசையில் உட்காருகிற ஆள்.

"ஜெபத்துல எதுக்குங்க கண்ணைத் திறந்து வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் மூடிட்டா யாரு பாக்குறது?" என்றார்.

அவரைப் பற்றி எழுத இந்த ஒரு பதிலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வரியை வாங்கிக்கொண்டு ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்க எந்தப் பத்திரிகையும் ஒத்துக்கொள்ளாது என்பதால் மேலே எழுதுகிறேன்.

பொது நீச்சல் குளத்தில் அவர் லைஃப்கார்டு. குளத்துக்கு வருகிறவர்கள் அவரை 'விசில்' என்கிறார்கள். சபையில் மரியாதை சேர்த்து 'விசில் பிரதர்'. ஆள் நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற தொப்பை. வேலை நேரம் முழுக்க அரைக்கால் சட்டையோடு, ஆழமான பக்கத்தில் ஏணி வைத்து நிற்கும் இரும்பு நாற்காலியின் உச்சியில் இருப்பார். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில். அதை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. சபைக்கு வரும்போது முழுக்கைச் சட்டைக்குள் போட்டுக் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொள்வார். பாட்டு வேளையில் உற்சாகமாகக் கைதட்டினால் உள்ளேயிருந்து அது பொத்தானில் இடிக்கிற சத்தம் பின்வரிசைவரை கேட்கும்.

என்னை அவர் ஒருமுறை காப்பாற்றியிருக்கிறார். நான் மூழ்கவில்லை என்பது வேறு விஷயம். முதுகுவலிக்காக டாக்டர் தண்ணீரில் மிதக்கச் சொல்லியிருந்தார். ஒருநாள் காலை மல்லாந்து, கண்ணை மூடி, உலகத்துக் கவலையெல்லாம் விட்டு மிதந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கை என் தாடையைப் பிடித்தது. என்ன ஏது என்று தெரிவதற்குள் கரையில் கிடந்தேன்.

"நான் மிதந்துக்கிட்டு இருந்தேங்க," என்றேன் இருமிக்கொண்டே.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நிஜமா மூழ்குறவங்க எப்படிங்க சொல்ல முடியும்?"

"அதான் நான் யாருகிட்டயும் கேக்குறதில்ல," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார். அன்றைக்கு முதுகுவலியோடு கழுத்துவலியும் சேர்ந்தது.

வேலை முடிந்தாலும் அவருக்கு வேலை முடியாது. கல்யாணப் பந்தியில் எல்லாரும் இலையைப் பார்த்துச் சாப்பிட, இவர் சாப்பிடுகிறவர்களின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேருந்தில் அவசர வழிக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும். வீட்டில் வாளி நிறைந்து நிற்கக் கூடாது. குளித்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும். விருந்தாளி யாராவது குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் நேரமாகிவிட்டால் கதவைத் தட்டி, "உள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று விசாரிப்பார். அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வருவதில்லை.

இப்படிப்பட்ட மனுஷன் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபையில் போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை. தலையில் நாலு துளி தெளித்து அனுப்புகிற சபை இல்லை அது. ஆளை அப்படியே பின்பக்கம் சாய்த்து, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தண்ணீருக்குள் அமுக்கி எடுக்க வேண்டும். பழைய மனுஷன் உள்ளே செத்துப் புது மனுஷன் வெளியே வருகிறான் என்பது நம்பிக்கை. சபை கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். அங்கே தொட்டி கட்டினால் தளம் தாங்காது என்று கட்டடக்காரர் கையை விரித்துவிட்டார். அதனால் ஞானஸ்நானம் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில், பொதுமக்கள் வருவதற்கு முன்னால் நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுப்பார்கள். குளத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறது: நாற்காலியில் ஆள் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்த ஆள்தான் நம் விசில்.

சபையைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் முதல் தடவை நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை அங்கி போட்ட ஒல்லியான ஒருவர், வெள்ளை அங்கி போட்ட ஒரு பெரியம்மாவின் மூக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்குவதைப் பார்த்தார். கரையில் நிற்கிற கூட்டம் தடுக்காமல் பாடிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து அப்படியே பாய்ந்தார். பெரியம்மாவைக் கரையேற்றிப் போர்வை போர்த்திய பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பி, "வயசானவங்ககிட்ட இப்படியா நடந்துக்குறது?" என்று சத்தம் போட்டார். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக அடுத்த வாரம் டயர் கடை மாடிக்குப் போனார். பிரசங்கம் நடந்துகொண்டிருந்ததால் முடியட்டும் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், வருஷக்கணக்காக எழுந்திருக்கவில்லை. பிரசங்கம் அவர் மனசைப் பிடித்துக்கொண்டது என்று என் மனைவி சொல்கிறாள். அத்தனை பேர் கண்ணை மூடியிருக்கும்போது எழுந்துபோக அவருக்கு மனசு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய மனைவி தையல்காரி. சபைக்கு வந்து சேர்ந்ததும் ஞானஸ்நான அங்கிகள் அவர் பொறுப்புக்குப் போயின. சாதாரண அங்கி தண்ணீரில் இறங்கியதும் குடை மாதிரி விரிந்து தலைக்கு மேல் ஏறிவிடும். அதைத் தடுக்கக் கீழ் மடிப்பில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தார். தூண்டில்காரர்கள் பயன்படுத்துகிற அதே குண்டு. இதில் வீட்டில் பெரிய சண்டை.

"தண்ணியில இறங்குற ஆளு கால்ல ஈயத்தைக் கட்டி விடுவாங்களா யாராவது?"

"அங்கி மேல ஏறிச்சுன்னா நீங்க வந்து இழுத்து விடுவீங்களா?"

"இழுத்து விடுறது என் வேலைதான்."

"பொம்பளைங்க அங்கியையா? நல்லா இருக்கு."

ஈயம் ஜெயித்தது. அந்த அங்கிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மனைவி முதலில் ஞானஸ்நானம் எடுத்தார். விசில் நாற்காலியில் இருந்தார். மனைவியின் பின்னந்தலை தண்ணீரைத் தொட்ட கணத்தில் விசில் அடித்துவிட்டார். சபை சரித்திரத்திலேயே மிகச் சின்ன முழுக்கு அதுதான். "உச்சந்தலை நனைஞ்சுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்," என்று பாஸ்டர் என் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார். அது இப்போது எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் விசிலின் முறை வந்தது. ஆசை இல்லாமல் இல்லை. ஒற்றைக் காலில் நின்று கேட்டு வாங்கிய முறை. ஆனால் பாஸ்டர் ஒரு கையை முதுகுக்குக் கொடுத்து, மறுகையால் மூக்கை மூடிச் சாய்த்ததும் அந்த உடம்புக்கு வேறு அர்த்தம் விளங்கிவிட்டது. மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டினால் எப்படி விடுவித்துக்கொண்டு அவனைக் கரையேற்றுவது என்று பழகிய உடம்பு அது. பிதா குமாரன் என்று சொல்லி முடிப்பதற்குள் பாஸ்டர் கரையில் கிடந்தார். விசில் அவர் பக்கத்தில் முட்டிபோட்டுக் கன்னத்தைத் தட்டி, "இன்னைக்கு என்ன கிழமை? சொல்லுங்க, என்ன கிழமை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைனாலதான் தம்பி இங்க வந்திருக்கேன்," என்றார் பாஸ்டர்.

இரண்டாம் தடவை உதவிக்குச் சபைப் பொருளாளரும் கீபோர்டுக்காரரும் இறங்கினார்கள். மூன்று பேரையும் ஒரே இழுப்பில் கரை சேர்த்தார். விசிலின் தலை மட்டும் நனையவில்லை. இதில் முறையாக முழுகியது யார் என்று சபையில் ஒரு வாக்குவாதம் கிளம்பி, பாஸ்டர் இதோடு இரண்டு தடவை கூடுதலாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டார் என்று என் மாதிரி வெளியாட்கள் தீர்ப்புச் சொல்லும்படி ஆனது. பாஸ்டரின் இடது காதில் தண்ணீர் போய்ச் சீழ் வைத்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை தம்பி. அதுக்கு மேல என் காது தாங்காது, டாக்டரும் திட்டுறாரு," என்று சொல்லிவிட்டார்.

சரி, பரிசுத்த ஆவி ஆளுக்குள் இறங்குகிற அபிஷேகமாவது முதலில் வரட்டும் என்று ஒரு யோசனை. இதைச் சொன்னவர் சபையில் எல்லாராலும் 'ஸ்தோத்திர அக்கா' என்று அழைக்கப்படுகிறவர். மூச்சுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறவர். தண்ணீர் முதலில், ஆவி பிறகு என்பது பாஸ்டரின் கட்சி. ஆவி நினைத்தால் எப்போதும் வரும், குழாயைத் திறந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இல்லை என்பது அக்காவின் கட்சி. எனவே ஆவிக்காகக் காத்திருந்து ஜெபிக்கிற வெள்ளிக்கிழமைக் கூட்டங்களுக்கு விசில் போனார். அங்கே அபிஷேகம் இறங்கினால் சிலர் யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுவார்கள், சிலர் தாங்க முடியாமல் பின்பக்கம் சாய்ந்து விழுவார்கள். விழுகிறவர்களைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். யார் அந்த ஆள் என்று நான் சொல்லத் தேவையில்லை. விழுந்தவரை அவர் தரையில் படுக்க வைத்து, பக்கவாட்டில் திருப்பி, ஒரு முட்டியை மடக்கி, வாயில் பல்செட் இருக்கிறதா என்று பார்த்து, நாடி பிடிப்பார். ஒருமுறை பொருளாளர் விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். பரவசத்தில்தான். விசில் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊத ஆரம்பித்துவிட்டார். பொருளாளர் எழுந்த வேகத்தில் அபிஷேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் விசில் நிற்கிற பக்கம் விழுவதே இல்லை.

"நீங்க கண்ணை மூடினாத்தானே பிரதர் அவர் வருவாரு," என்றார் ஸ்தோத்திர அக்கா.

"போன வாரம் ஒரு கண்ணை மூடிப் பாத்தேங்க்கா."

"பாதி அபிஷேகம் வரும்னு நினைச்சீங்களா? ஸ்தோத்திரம்."

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பு வராது. அன்று திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் உள்ள தட்டு வரிசை வரிசையாக வரும். முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும்தான். நான் எடுக்காதவன், எனக்கு அதில் ஒன்றுமில்லை. தட்டை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்துவிடுவேன். விசிலும் வாங்கிக் கொடுப்பார். கொடுத்த பிறகு தட்டு போகிற வழியெல்லாம் அவர் பார்வையும் போகும். கேட்டால், "யாருக்காவது தொண்டையில சிக்கிடுச்சுன்னா?" என்பார். அந்தத் துண்டு நகத்தளவுதான் இருக்கும். மனைவி அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் அவர் தலைகளை எண்ணுவதில்லை.

ஒருநாள் குளத்தில் நேராகவே கேட்டேன். "உங்களுக்குத் தண்ணின்னா பயமாங்க?"

"தண்ணிக்கு என்ன பயம்? உள்ள போற அந்த நேரம் மேல யாரு இருக்கா சொல்லுங்க. சாயும்போது கண்ணுக்கு நேரா தெரியுறது அந்தக் காலி நாற்காலிதான்."

"உங்க மாத்து ஆளை உட்கார வைக்கலாமே?"

"அவன் போனைப் பாக்குற ஆளு."

"பாஸ்டர் பக்கத்துலயே இருக்காரே?"

"அவருக்கு நீச்சல் தெரியாது."

"மேல கடவுள் இருக்காரே?" என்றேன். நான் சொல்லக்கூடிய பேச்சில்லை, வாயில் வந்துவிட்டது.

"இருக்காரு. ஆனா விசில் என் கழுத்துலல்ல இருக்கு," என்றார்.

மூன்றாம் தடவையின்போது நானும் குளத்தங்கரையில் இருந்தேன். என் மனைவியைக் கொண்டுவந்து விட்டவன், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டேன் என்பதே உண்மை. அன்று ஞானஸ்நானம் எடுக்க இன்னும் இரண்டு பேர். ஒரு கல்லூரிப் பெண், ஒரு பேருந்து ஓட்டுநர். அவர்கள் விசிலின் பார்வையில் நல்லபடியாக முழுகி எழுந்து, மார்பளவு தண்ணீரிலேயே நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பாஸ்டர் இடது காதில் எண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்து, அதற்கு மேல் நீச்சல் தொப்பி போட்டிருந்தார். விசில் நாற்காலியிலிருந்து இறங்கி, அங்கியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். அங்கிக்கு வெளியே விசில் தொங்கியது. ஈயக் குண்டுகள் தம் வேலையைச் செய்தன. பாட்டு ஆரம்பித்தது. பாஸ்டர் மூக்கைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். விசில் பாஸ்டரைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் இறுகுவது கரையில் நின்ற எனக்கே தெரிந்தது. பொருளாளர் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அப்போது அவர் மனைவி துண்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கரையோரமாக வந்து குனிந்து கையை நீட்டினார்.

"விசிலைக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் மேல உக்காருறேன்."

"உனக்கு நீச்சல் தெரியாதே."

"நான் இறங்கவா போறேன்? பாக்கத்தானே போறேன்."

"யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"விசில் அடிப்பேன். நீங்க போய் இழுத்துட்டு வருவீங்க."

"எனக்கு ஆச்சுன்னா?"

அந்த அம்மாள் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்தார். "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. குறட்டை நின்னுச்சுன்னா நான் முழிச்சுக்குறேன். தோள்ல தட்டுறேன். மறுபடி வருது. இத்தனை வருஷமா அதை யாரு பாக்குறாங்கன்னு நினைச்சீங்க?"

பாட்டு நின்றுவிட்டது. கீபோர்டுக்காரர் மட்டும் ஒரு கட்டையிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார். விசில் சிவப்புக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி மனைவியின் கையில் வைத்தார். அவர் கழுத்தைச் சுற்றி, வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

அந்த அம்மாள் செருப்பை விட்டுவிட்டு ஏணியில் ஏறினார். ஏறும்போது கீழே பார்க்கவில்லை. உயரம் என்றால் பயம் என்று பின்னால் சொன்னார். உச்சியில் உட்கார்ந்து, விசிலை வாயில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். கணவர் அவரைப் பார்த்தார். அப்புறம் பாஸ்டரிடம், "ம்," என்றார்.

பாஸ்டர் வேக வேகமாக வசனத்தைச் சொல்லிச் சாய்த்தார். விசில் போனார். எந்தச் சண்டையும் இல்லாமல், ஒரு மூட்டை இறங்குகிற மாதிரி போனார். அவ்வளவு கனத்தை எதிர்பார்க்காத பாஸ்டரின் கைகளிலிருந்து நழுவி அடிவரை போய்விட்டார். போனவர் வரவில்லை. பாஸ்டர் குனிந்து இழுத்துப் பார்த்தார். தண்ணீர் காதுவரை வந்ததே தவிர ஆள் அசையவில்லை. கரையில் எல்லாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பாற்றத் தெரிந்த ஒரே ஆள் அடியில் கிடந்தார். நான் ஓரத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் முகம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு கண்ணையும் மூடியிருந்தார்.

"ஏதாவது பண்ணுங்க," என்று பொருளாளர் மேலே பார்த்துக் கத்தினார்.

அந்த அம்மாள் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "குமிழி வருது பாருங்க. மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு இருக்காரு. இருக்கட்டும், விடுங்க," என்றார். நாங்கள் எல்லாரும் விடவே மாட்டோம் என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழிகளைப் பார்த்தோம். அவை குறைந்து வந்து, கடைசியாக ஒன்று மேலே வந்து உடைந்தது. அந்த அம்மாள் விசிலை வாயில் வைத்துச் சின்னதாக ஒரு முறை ஊதினார்.

உடனே விசில் தண்ணீரிலிருந்து எழுந்தார். தண்ணீர் முகத்தில் வழிய, கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். இப்போது அந்நிய பாஷை வந்துவிடும் என்று ஸ்தோத்திர அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"உள்ள என்ன நடந்துச்சு தம்பி?" என்றார் பாஸ்டர், ஊறிப்போன பஞ்சைக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டே.

"ஒண்ணும் நடக்கல பாஸ்டர். நான் யாரையும் பாக்கல," என்றார் விசில்.

அக்கா ஸ்தோத்திரம் சொல்லவே மறந்து கையை இறக்கினார். யாரோ துண்டை நீட்டினார்கள். விசில் வாங்கவில்லை. பழக்கம் விடுமா, ஆள்காட்டி விரல் தண்ணீருக்கு மேலே வந்து தலைகளை எண்ண ஆரம்பித்தது. பாஸ்டரின் தொப்பியில் தொடங்கி, கல்லூரிப் பெண்ணைத் தொட்டு, பேருந்து ஓட்டுநரிடம் வந்து நின்றது. எப்போதும் போலத் தலையை ஆட்டப் போனவர் ஆட்டவில்லை. ஒரு தலை குறைந்து கணக்கு உதைத்தது போலிருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பாஸ்டர், பெண், ஓட்டுநர். விரல் அங்கேயே கொஞ்சம் தயங்கி, மேலே நாற்காலியைப் பார்த்து, பிறகு திரும்பி வந்து, சொட்டிக்கொண்டிருந்த தன் உச்சந்தலையைத் தொட்டது.